பத்துக் கோழிக்கு எங்கே தொடங்குவது: அடைமுட்டையா, ஒருநாள் குஞ்சா, வளர்ந்த குஞ்சா, விடைக்கோழியா?

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் காலி இடம், சுற்றிலும் வேலி. வீட்டு முட்டைக்குப் பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் போதும் என்று முடிவாகிவிட்டது. அடுத்து எந்த இனம் வாங்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எந்த வயதில் வாங்குவது என்று யாரும் சொல்வதில்லை. முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு வேலை, எத்தனை சாகும், முதல் முட்டை எப்போது என்ற மூன்றுமே பெரும்பாலும் வாங்கும் வயதைப் பொறுத்தவை.

தமிழ்நாட்டில் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. அடை வைத்துப் பொரிக்கலாம். ஒருநாள் குஞ்சு வாங்கலாம். ஒன்றரை, இரண்டு மாதம் வளர்ந்த குஞ்சு வாங்கலாம். முட்டைக்கு வரப்போகும் விடைக்கோழியாகவே வாங்கலாம். முதல் முறையாக வளர்ப்பவருக்கு மூன்றாவது வழிதான் ஏற்றது. அது தோற்கும் இடங்களும் உண்டு, மற்ற மூன்றும் அதை வெல்லும் இடங்களும் உண்டு.

அடை வைத்துத் தொடங்குவது

செலவு மிகக் குறைந்த வழி இதுவே. அடைக்கு உட்கார்ந்த நாட்டுப் பெட்டை ஒன்றும் கருவுள்ள முட்டை பத்துப் பன்னிரண்டும் கிடைத்துவிட்டால் வெப்பம், ஈரம், முட்டையைப் புரட்டுவது எல்லாவற்றையும் கோழியே பார்த்துக்கொள்ளும். சிக்கல் முட்டையில் இருக்கிறது. பெட்டிக்கடையில் ‘நாட்டு முட்டை’ என்று விற்பதை வாங்கி வைத்து 21 நாள் காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய. ஓடு பழுப்பாக இருப்பதால் அது நாட்டு முட்டை ஆகிவிடாது. சேவலே இல்லாத பண்ணையில், கூண்டில் நிற்கும் பழுப்பு லேயர் (முட்டைக்கென்றே வளர்க்கும்) கோழி இட்டதாகவும் இருக்கலாம். சேவலோடு குறைந்தது இரண்டு வாரமாகச் சேர்ந்து மேயும் பெட்டைகளின் முட்டையை, அதுவும் வளர்ப்பவர் வீட்டிலேயே நேரில் போய் வாங்குவதுதான் வழி.

இட்டு ஏழு நாளுக்கு மேலான முட்டை வேண்டாம். சித்திரை, வைகாசியில் நான்கு நாளே அதிகம். 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். 36 டிகிரி அறையில் கிடக்கும் முட்டையில் பாதி வளர்ந்த கரு, ஒழுங்கான அடைச்சூடு கிடைக்காமல் உள்ளேயே செத்துவிடும். கோடையில் குஞ்சு குறைவாகப் பொரிப்பதற்குப் பெரிய காரணம் இது. அகன்ற மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, அதன்மேல் இன்னொரு சட்டியை வைத்து, அதில் முட்டையை அகலமுனை மேலே இருக்கும்படி அடுக்குவது பழைய முறை. இன்றைக்கும் அதைவிட மலிவான குளிர்ச்சி கிடையாது. முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய், கிருமி உள்ளே இறங்கும். அழுக்கான முட்டையைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடைக்கோழியை வைப்பதற்கு முன் இறக்கைக்கு அடியிலும் வாலடியிலும் பேன், செள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செள் மொய்த்த கோழி பத்தாம் நாளில் அடையைவிட்டு எழுந்து போய்விடும். முட்டை அத்தனையும் வீண். கூடையில் நான்கு விரற்கடை மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் லேசான குழி. அந்தி சாய்ந்த பிறகு கோழியை உட்கார வைத்தால் இருட்டில் அமைதியாகப் பழகிவிடும். இடிக்கு முட்டை கெடாமல் இருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவார்கள். போட்டால் கேடில்லை, போடாவிட்டாலும் கேடில்லை. தினமும் ஒருமுறை கால் மணி நேரம் வெளியே விட்டு, தீனியும் தண்ணீரும் காட்டி, எச்சமிட விட வேண்டும். விடாமல் அடைத்தே வைத்தால் கூடையிலேயே கழிந்து முட்டையை அழுக்காக்கிவிடும்.

ஏழாம் நாள் இரவு இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்திக் கால் போல ரத்த நரம்பு பரவியிருந்தால் கரு உண்டு. வெறுமனே வெளிச்சம் ஊடுருவினால் கரு இல்லை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். கூமுட்டை உள்ளே வெடித்தால் நாற்றத்தோடு கிருமியும் மற்ற முட்டைகளுக்குப் பரவும். 21ஆம் நாள் ஓடு உடைபடும்போது உதவுகிறேன் என்று உரிக்கப் போகாதீர்கள். குஞ்சு வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் இருக்கிறது. அதை வைத்து இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் தாக்குப்பிடிக்கும்.

இனி எண்ணிக்கைக் கணக்கு. பன்னிரண்டு முட்டை வைத்தால் ஒன்பது, பத்து பொரித்தால் நல்லது. அதில் பாதி சேவல். தாயோடு திறந்த வெளியில் விட்டால் காக்கை, வல்லூறு, கீரி, மழை என்று போனது போக, ஒரு அடையில் மூன்று பெட்டை தேறினாலே கைராசி என்பார்கள். பத்துப் பெட்டை வேண்டுமானால் ஒரே சமயத்தில் மூன்று நான்கு அடைக்கோழி வேண்டும். புதிதாகத் தொடங்குபவரிடம் ஒன்றுகூட இருக்காது. முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்து வளர்த்தால் சாவு வெகுவாகக் குறையும். அப்படிச் செய்தாலும், நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஆறு முதல் ஏழு மாதம் ஆகும். ஆகவே அடை வைப்பது தொடக்கத்துக்கு ஏற்ற வழியல்ல, மந்தையைத் தொடர்ந்து நடத்துவதற்கான வழி.

ஒருநாள் குஞ்சு

பத்துப் பெட்டைக்கு எத்தனை குஞ்சு வாங்குவது? பெரும்பாலும் ஆண், பெண் பிரிக்காமலே விற்பார்கள். 25 வாங்கி, நன்றாகப் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று செத்தால், மீதி 22இல் ஏறத்தாழ 11 பெட்டை. மற்ற 11 சேவலில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்கு விட வேண்டும். சேவலை அறுக்கவோ விற்கவோ மனம் வராத வீட்டுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். நான்கு மாதத்தில் பதினோரு சேவல் ஒரே வாசலில் நின்றால் சண்டையும் விடியற்காலைக் கூவலும் அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொள்ளப் போதும்.

முதல் நான்கு வாரச் செயற்கைச் சூடு இதில் பெரிய வேலை. இடத்தைத் தகரத்தாலோ அட்டையாலோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளையுங்கள். 25 குஞ்சுக்கு மூன்று அடி விட்டம் முதல் வாரத்துக்குப் போதும்; வாரா வாரம் வட்டத்தை விரித்துக்கொள்ளலாம். சதுரப் பெட்டி என்றால் குளிருக்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் உமி, அதன்மேல் முதல் மூன்று நான்கு நாள் சாக்கு விரிக்க வேண்டும். பலரும் செய்தித்தாள் விரிக்கிறார்கள். வழவழத் தாளில் நின்ற குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் வழுக்கிப் போய், பிறகு கூட்டவே முடியாமல் ஆகிவிடும். தாள்தான் இருக்கிறது என்றால் கசக்கி விரியுங்கள்.

சூட்டுக்குக் குஞ்சு ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு வாட் கணக்கு. 25 குஞ்சுக்கு ஒரே 60 வாட் பல்பைவிட இரண்டு 40 வாட் பல்பு மேல். ஒன்று பியூஸ் போனாலும் மற்றொன்று எரியும். இழை உள்ள பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சைக் காக்கும் சூடு தராது. இதைக் கவனிக்காமல் முதல் இரவிலேயே பத்துக் குஞ்சை இழந்தவர்கள் உண்டு. முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். பல்புக்கு அடியில் கும்பலாகக் கத்தினால் குளிர். பல்பை உயரத்திலிருந்து இறக்குங்கள். வாயைத் திறந்துகொண்டு ஓரத்தில் ஒதுங்கினால் சூடு, ஏற்றுங்கள். வட்டம் முழுக்கப் பரவிச் சத்தமில்லாமல் மேய்ந்தால் சரி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது.

இரண்டு 40 வாட் பல்பு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 28 இரவுக்கு 27 யூனிட். பகலிலும் முதல் வாரம் எரித்தால் இன்னும் ஏழு கூடும். மின்கட்டணம் பெரிதில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் எழுந்து பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவில் வைப்பது நம்பகமான மாற்று. மண்பானையில் துளையிட்டுக் கரிக்கங்கு வைப்பதும் உண்டு, ஆனால் அடைத்த அறையில் அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருப்பவரையும் கொல்லும். காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் மட்டும் வைக்கலாம்.

குஞ்சு வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், தீனி பிறகு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் இரண்டு தேக்கரண்டி வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தொட்டு விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோளமோ குருணையோ விரிப்பில் தூவலாம். மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் விழுந்து நனைந்து விறைத்துப் போகும். எட்டு வாரத்தில் குஞ்சு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் போகும். 25 குஞ்சுக்கு 50 கிலோ மூட்டை ஒன்று சரியாக இருக்கும். செலவு மிச்சம் என்று நொய்யும் தவிடும் மட்டும் போட்டால் புரதம் போதாமல் கால் தளரும், இறகு சரியாக முளைக்காது. லேயர் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று அதைப் போடுவது இன்னும் மோசம்: முட்டையோட்டுக்காகச் சேர்த்த கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தடுப்பூசியில் சிறு மந்தைக்காரருக்கு ஒரு நெருக்கடி இருக்கிறது. மாரெக் நோய்க்கான ஊசியைப் பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட்டிருக்க வேண்டும். போட்டார்களா என்று கேளுங்கள். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கான மருந்து, நான்காம் வாரம் மறுபடி ராணிக்கெட் சொட்டு. மருந்து குறைந்தது 100 தவணைக் குப்பியாகத்தான் வரும். கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்தே எடுத்துவர வேண்டும். 25 குஞ்சுக்கு ஒரு குப்பி வாங்கி 75 தவணையைக் கொட்டுவதைவிட, பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களோடு ஒரே தேதியில் சேர்ந்துகொள்ளலாம். அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிக்கு ஊசி போடும் நாள் எது என்று குஞ்சு வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் மந்தையை ஒரே வாரத்தில் துடைத்து எடுக்கக்கூடிய நோய்களில் ராணிக்கெட்டுக்கு இணை இல்லை. வந்த பிறகு மருந்தும் இல்லை. 1920களின் பின்பாதியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட மலையூரின் பெயரால் நூறாண்டாக வழங்கும் நோய், இன்னும் ஊசி போடாத தெருவாகப் பார்த்து நுழைகிறது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது எச்சத்தை. இரத்தம் கலந்து போனால் இரத்தக் கழிச்சல். உமி நனைந்து கட்டிபிடித்தால் அதன் கிருமி பெருகும். தண்ணீர்த் தட்டைக் கம்பி வலைச் சட்டத்தின் மேல் வைத்து, கட்டிப்போன உமியை அன்றன்று அள்ளிவிட்டால் பெரும்பாலும் வராது. வந்தால் மருத்துவரிடம் ஆம்ப்ரோலியம் கேட்டு, அவர் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

தெருவில் சைக்கிளிலும் மொபெட்டிலும் பச்சை, சிவப்பு, ஊதாச் சாயம் பூசிக் கூடையில் கொண்டுவரும் குஞ்சுகளைப் பற்றி ஒரு வரி. பெரும்பாலும் அவை லேயர் பொரிப்பகங்கள் ஒதுக்கித் தள்ளிய சேவல் குஞ்சுகள். பிழைத்தாலும் முட்டை இடாது.

இரண்டையும் இணைப்பது

ஒருநாள் குஞ்சின் எண்ணிக்கையும் தாய்க்கோழியின் சூடும் ஒன்றாகக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அடையிருக்கும் கோழியின் அடியில், இரவு எட்டு மணிக்கு மேல், பொரித்து இரண்டு நாள் தாண்டாத குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்து, முட்டைகளை அகற்றிவிடுவார்கள். விடிந்தால் கோழி அவற்றைத் தன் குஞ்சாகவே கொக்கரித்து அழைத்துப் போகும். சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழி ஒன்று 12 முதல் 15 குஞ்சு வரை அணைக்கும். பல்பு வேண்டாம், இரவுக் காவல் வேண்டாம். குஞ்சுக்குக் கிளறவும் ஒளியவும் தாயே கற்றுக்கொடுக்கும்.

தவறு நேர்வது எப்போது? பகலில் வைத்தால். அடைக்கு உட்கார்ந்து மூன்று நான்கு நாளே ஆன கோழியிடம் வைத்தால். குஞ்சு நான்கு நாள் தாண்டியிருந்தால் தாய் ஏற்றாலும் குஞ்சு ஒட்டாது. விடிந்ததும் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கோழி எதையாவது தலையில் கொத்தினால் அந்தக் குஞ்சை உடனே எடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் அடைக்கோழி இரவல் கிடைக்கும் கிராமத்தில் இருப்பவர், பத்துக் கோழி தொடங்க இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இரண்டு மாதக் குஞ்சு

ஆறு முதல் எட்டு வாரம் வரை வளர்த்துக் கொடுப்பவர்கள் இப்போது மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். விலை ஒருநாள் குஞ்சைப் போலச் சில மடங்கு இருக்கும். முகம் சுளிக்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றே முக்கால் கிலோ தீவனம், மூன்று தடுப்பு மருந்து, நான்கு வார பல்பு, செத்ததன் பங்கு எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். எல்லாவற்றையும்விட, எட்டு வாரத்தில் சேவலையும் பெட்டையையும் கண்ணால் பிரித்துவிடலாம். கொண்டை முன்னதாகவே சிவந்து பெரிதாகி, கால் தடித்து, நிமிர்ந்து நிற்பது சேவல். 25 வாங்கத் தேவையில்லை; 12 பெட்டை, 2 சேவல் என்று பொறுக்கி எடுத்தால் போதும். தலைக்கு விலை கூடினாலும் மொத்தச் செலவு ஒருநாள் குஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

விற்பவர் ஊசி போட்ட தேதிகளை எழுதித் தர வேண்டும். ‘எல்லாம் போட்டாச்சு’ என்ற பதிலை நம்பாதீர்கள். எந்த மருந்து, எத்தனையாம் நாள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். தூங்கி வழியும் குஞ்சு, ஆசனவாயில் எச்சம் ஒட்டிய குஞ்சு, மூக்கில் நீர் ஒழுகும் குஞ்சு ஒன்று இருந்தாலும் அந்தக் கூட்டத்திலேயே வாங்கக் கூடாது. அதை மட்டும் விட்டு மற்றதை எடுப்பது ஏமாற்றம். கொண்டுவந்து ஒரு வாரம் ஆன பிறகு, பயண அலுப்பு தீர்ந்ததும் குடற்புழு நீக்கம். அதற்கடுத்த வாரம் இறக்கையிலோ தோலுக்கடியிலோ போடும் ராணிக்கெட் ஊசி. இது வீரியமான ஊசி. ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடுவதில்லை. அம்மை ஊசியும் இந்த வயதை ஒட்டியே வரும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கோழிக் கழிச்சல் முகாம் உங்கள் ஊருக்கு வந்தால் விடாதீர்கள்.

முதல் ஐந்து நாள் வெளியே விடவே கூடாது. இரவுக் கூண்டிலேயே தீனியும் தண்ணீரும் காட்டினால்தான் அதுதான் வீடு என்று பழகும். ஆறாம் நாள் மாலை நான்கரைக்குத் திறந்து, அந்தி சாயும் முன் பா... பா... என்று குரல் கொடுத்துக் குருணை தூவிக் கூட்டிவிட வேண்டும். காலையில் திறந்துவிட்டால் நாள் முழுக்கத் தூரமாக மேய்ந்து பக்கத்து முருங்கையில் ஏறிவிடும். ஒருமுறை மரத்தில் அடைந்த குஞ்சு கூண்டுக்குப் பழகுவது கடினம்.

இந்த வழி தோற்கும் இடம் கூண்டு. குஞ்சு வந்த பிறகு கூண்டு கட்டலாம் என்று நினைப்பவருக்குப் பத்தாம் நாள் கீரி பாடம் சொல்லும். இரவில் கோழிக்கு ஒன்றரை சதுர அடி. 14 கோழிக்கு ஆறடிக்கு மூன்றரை அடி போதும். கோழிக்கம்பி வலை எனக் கடையில் விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும். பாம்பையும் பெருச்சாளியையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலச் சதுரப் பற்றவைப்பு வலைதான் வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டினால் அடியில் ஈரம் தங்காது, எச்சத்தையும் வழித்து எடுக்கலாம். கூண்டின் கால்களை எண்ணெயும் தண்ணீரும் நிரப்பிய சிரட்டையில் வைத்தால் எறும்பு ஏறாது. முட்டையிட ஐந்து பெட்டைக்கு ஒரு பெட்டி, ஓரடி நீளம், ஓரடி அகலம், இருட்டான மூலை. இதெல்லாம் தயாரான பிறகே குஞ்சு வாங்கப் போக வேண்டும்.

விடைக்கோழியும் சந்தைக்கோழியும்

18, 20 வாரம் ஆன விடையை வாங்கினால் ஒன்றிரண்டு மாதத்தில் முட்டை கிடைக்கும். அவசரக்காரருக்கு இது வசதி. ஆனால் நாலரை மாத வளர்ப்புச் செலவு, கூடவே ஒருவரின் நாலரை மாத உழைப்பு விலையில் இருக்கும். இடம் மாறியதும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று வாரம் முறைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. இடும் கோழி என்று சொல்லி விற்பதைச் சோதிக்க ஒரு வழி: ஆசனவாய்க்குக் கீழே இரு பக்கமும் துருத்தும் இடுப்பெலும்புக்கு நடுவில் இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது, ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இன்னும் வரவில்லை, அல்லது ஓய்ந்துவிட்டது. காலின் செதில் சொரசொரத்து உயர்ந்திருந்தால் வயதான கோழி, அல்லது செதில்பூச்சி.

வாரச்சந்தையில் கால்கட்டிப் போட்டிருக்கும் கோழியை வளர்ப்புக்கு வாங்குவது பெரிய சூதாட்டம். ஒரு ஊரில் கழிச்சல் தொடங்கியதும் மிச்சமிருப்பதைச் சந்தைக்கு ஏற்றிவிடுவது எங்கும் நடக்கிறது. கோழி பார்க்க நன்றாகவே இருக்கும்; மூன்றாம் நாள் தலை திருகும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மூன்று வாரம் தனிக்கூண்டு, தனித் தட்டு. உங்கள் மந்தைக்குத் தீனி போட்ட பிறகே அதற்குப் போட வேண்டும், செருப்பையும் மாற்ற வேண்டும்.

நாமக்கல் பக்கம் பண்ணைகள் ஒன்றரை ஆண்டு முடிந்ததும் கழிக்கும் வெள்ளை லேயர் கோழிகளும் மலிவாக வருகின்றன. அவை கறிக்குத்தான். அலகு நறுக்கப்பட்டிருக்கும், புழு கொத்தத் தெரியாது, கூண்டிலேயே வாழ்ந்ததால் எலும்பும் வலுவிழந்திருக்கும்.

இனம் எங்கே முடிவை மாற்றுகிறது

நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை, மூன்று நான்கு ஈட்டில் (அடைக்கு முன் தொடர்ந்து இடும் சுற்று) இடும். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா போன்ற கலப்பினங்கள் இதைவிட அதிகம் இடும். வனராஜா சுமார் 100, கிராமப்ரியா அதற்கும் மேலே. ஆனால் இவை அடைக்கு உட்காராது. கலப்பினக் கோழியின் முட்டையை அடைவைத்தால் வரும் குஞ்சு தாயைப் போல இடுவதும் இல்லை. ஆண்டுதோறும் குஞ்சு வெளியில் வாங்கும் கட்டாயம் வரும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத்துக்குக் கறுப்புக் கறிக்காக விலை உண்டு, 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முட்டைக்காக அதைத் தேட வேண்டாம். பெருவிடைப் பெட்டை கனமானது, அடையில் முட்டையை நசுக்கும். சிறுவிடை சின்ன உடம்பு, நல்ல தாய்.

ஆகவே வீட்டு முட்டைக்கு மட்டும் வேண்டுவோர் கிராமப்ரியா போன்றதை இரண்டு மாதக் குஞ்சாக வாங்கி, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மந்தை தானாகப் பெருக வேண்டும் என்பவர் சிறுவிடையைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் கலந்து எட்டுக் கலப்பினம், நான்கு சிறுவிடை என்று வாங்கினால், சிறுவிடை அடைக்கு வரும்போது ஒருநாள் குஞ்சை வாங்கி அதன் அடியில் சேர்த்துவிடலாம். கலப்பினத்தைத் தாய்க்கோழியிடம் வளர்க்கும் வழி இது ஒன்றுதான். சேவலை மட்டும் ஆண்டுக்கொருமுறை வெளியூரிலிருந்து மாற்றுங்கள், இல்லையேல் உறவுக்குள்ளேயே சேர்ந்து கூமுட்டை கூடும்.

தீனிச் செலவில் இனம் குறுக்கே வரும் இன்னொரு இடம்: வளர்ந்த கோழிக்கு நாளைக்கு 100 முதல் 110 கிராம் தேவை. நன்கு மேயும் சிறுவிடைக்கு அதில் பாதியைக் கையால் போட்டால் போதும். கலப்பினத்துக்கு முக்கால் பங்காவது போடாவிட்டால் முட்டை நின்றுவிடும். பழைய சாக்குத் துண்டு, காய்ந்த சாணம், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பானையில் அடைத்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை ஒரு கைப்பிடி கரையான் கிடைக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் விலைக்கு வராது. மழைக்காலத்தில் இது வேலைக்காகாது.

மாதக் கணக்கு

கூண்டு வேலையை மார்கழியில் முடித்துவிட்டு, தை பிறந்ததும் இரண்டு மாதக் குஞ்சு வாங்குவது நல்லது. அடைமழையும் போய், கோடையும் வராத இடைவெளி அது. கலப்பினம் வைகாசிவாக்கில் முட்டைக்கு வரும். சிறுவிடை ஆனி, ஆடி ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருநாள் குஞ்சை இறக்குவது காசைத் தண்ணீரில் விடுவதாகும். சித்திரையில் அடைமுட்டை வைப்பதும் அப்படியே. புரட்டாசி வாக்கில் சிறுவிடை முதல் ஈடு முடித்து அடைக்கு உட்காரும். அப்போது அடை வேண்டாமென்றால், அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் விரிப்பு எதுவும் இல்லாமல் நான்கு நாள் விட்டால் அடை கலையும். மூக்கில் இறகு செருகும் கொடுமை தேவையில்லை. அடை வேண்டுமென்றால் தை மாத அடைக்கு விடுங்கள். அந்தக் குஞ்சுகளை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துத் தனியே வளர்த்தால், மாதக்கணக்கில் குஞ்சோடு அலையும் கோழி சில வாரத்திலேயே மறுபடி முட்டைக்குக் கேறத் தொடங்கிவிடும்.